நம்பருக்கு நடுவே நட்சத்திரம் இருந்தால் நோட்டு செல்லாதா?

போன மாதம் பாம்பனில் நண்டு வாங்கிவிட்டு ஐநூறு ரூபாயை நீட்டினேன். கடைக்கார அக்கா அதை வெயிலுக்கு நேரே பிடித்தார். காந்தி தெரிந்தார். சாய்த்தால் பச்சை நூல் நீலமாகவும் மாறியது. ஆனாலும் நம்பர் மேல் விரலை வைத்து, "இதென்ன தம்பி, நடுவுல பூ மாதிரி? வேற நோட்டு இருந்தா குடுங்க" என்றார். கொடுத்தேன். அந்த மாதிரி நோட்டைத்தான் நான் சேர்க்கிறேன்; கவனிக்காமல் நீட்டியிருக்கிறேன். அக்கா புண்ணியத்தில் அது வீடு திரும்பியது.

அவர் பூ என்றது நட்சத்திரக் குறி. ஸ்டார் நோட்டு என்பார்கள். அச்சகத்தில் புது நோட்டுகளை நூறு நூறாக, நம்பர் வரிசைப்படி கட்டுகிறார்கள். கட்டில் ஒரு நோட்டு மை பிசகியோ வெட்டு கோணியோ போனால் அதை உருவிவிட வேண்டும். முன்பெல்லாம் அதே நம்பரில் இன்னொன்றை அடித்துச் செருகுவார்கள். ஒற்றை நோட்டுக்காக இத்தனை மெனக்கெடுவதா என்று 2006-இல் 10, 20, 50 ரூபாயில் நட்சத்திர வரிசையைக் கொண்டுவந்தார்கள். முன்னெழுத்துகளுக்கும் ஆறு இலக்க எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் போட்ட நோட்டு ஒன்று, கழிந்த நோட்டின் இடத்தில் போய் உட்காரும். கட்டில் எண்ணிக்கை நூறுதான், வரிசை மட்டும் இடறும். உள்ளே இப்படி நோட்டு இருப்பதைக் கட்டின் பட்டையிலேயே குறித்திருப்பார்கள். ஐநூறில் நட்சத்திரம் வந்தது 2016 டிசம்பரில்.

இது செல்லுமா? செல்லும். 2023-இல் 'நட்சத்திர நோட்டு கள்ள நோட்டு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றியது. அந்த ஜூலை 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு, மற்ற நோட்டைப் போல இதுவும் சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் பயந்துபோய் வங்கியில் மாற்ற ஓட வேண்டாம்.

மாற்ற வேண்டியது வேறு நோட்டுகளை. நம் கரையில் மடியில் செருகிய பணம் உப்புத் தண்ணீரில் ஊறி, மீன் செதிலோடு காய்ந்து, மடித்த இடத்தில் விட்டுப்போகும். நோட்டுத் தாள் பருத்தி. தண்ணீரை நன்றாகவே குடிக்கும். அழுக்கு நோட்டை எந்த வங்கிக் கிளையும் மாற்றித் தர வேண்டும், அங்கே கணக்கு இல்லாவிட்டாலும். ஒரு நாளைக்கு 20 நோட்டு, மொத்தம் 5,000 ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கிழிந்து துண்டு போயிருந்தால் மிஞ்சிய பெரிய துண்டை அளப்பார்கள். 20 ரூபாய் வரை பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 50-ம் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் முழுசு, 40-லிருந்து 80 வரை பாதி, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. வேண்டுமென்றே வெட்டிய நோட்டு என்று தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். கிளையில் 'முடியாது' என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

சரி, சேர்ப்பவர்களுக்கு. ஸ்டார் நோட்டை வைத்திருப்பது குற்றமில்லை. பின்பக்கம் அச்சான வருடம் இருக்கும். நான் வருடவாரியாகத்தான் சேர்க்கிறேன். மீன் ஏலக் கூடத்தில் கைமாறிக் கசங்கிய ஸ்டார் நோட்டுக்கு, உள்ளதைச் சொன்னால், முகமதிப்புதான். மடிப்பே விழாமல் கிடைத்தால் சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள், அவ்வளவே. ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், பேனாவால் குறிக்காதீர்கள். லேமினேஷன் அறவே கூடாது. இங்கே அடிக்கும் உப்புக் காற்றுக்கு, நிழலில் நன்கு உலர்த்திக் காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது என் வழக்கம்.

அப்புறம், ஃபேஸ்புக்கில் 'ஸ்டார் நோட்டுக்கு லட்சங்கள்' என்று வரும். படம் அனுப்பச் சொல்வார்கள், பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று கேட்பார்கள், ரிசர்வ் வங்கி பெயரையே இழுப்பார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரம் எதிலும் தான் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் போட்டுவிட்டீர்களென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். மறுநாள் வரை யோசிக்காதீர்கள்.