கொழுந்து பறித்த கை ஊசி பிடிக்கும்போது

தை பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக் வரிசை மாறிவிடும். மழைக்காலம் முழுக்க வழுக்கி விழுந்த கால்களும் சுளுக்கிய முட்டிகளும் வரும். தையில் வருவது கைகள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த தை, மாசி இரவுகளில் உறைபனி இறங்கி, காலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. அப்படிப்பட்ட குளிரில், பொழுது சாய்ந்ததும் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பை சாயத்தண்ணி, மடியில் கம்பளி நூல் என்று உட்கார்வது தனி சுகம். நானும் பின்னுகிறவள்தான்.

நான் ஒரு இயன்மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள். அவர்களில் ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று ஒரு மாதமாக ராத்திரியில் குல்லாவும் சொக்ஸும் பின்னிக்கொண்டிருந்தார்.

“நடுச்சாமத்துல கை மதமதன்னு எழுப்பி விட்டுருது மிஸ். உதறுனா கொஞ்சம் சரியாகுது. குளிர் வாதமா இருக்குமோ?”

“சுண்டுவிரலும் மரத்துப் போகுதா அம்மா?”

“அது ஒண்ணு மட்டும் நல்லாத்தான் இருக்கு.”

அந்தச் சுண்டுவிரல் முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிட்டது. மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தசைநாண்களைச் சுற்றி வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் ராத்திரியில்தான் தொல்லை கூடும். இது குளிர் வாதம் அல்ல. தைலம் தேய்த்தால் சூடாக இருக்கும், அவ்வளவுதான். நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது. நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம் இவையும் இதே தொல்லையைக் கொண்டுவரும். அதனால் மரத்துப்போகும் கையோடு வருகிறவர்களிடம் இரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

“பகல்ல மலையில நிக்கிறேன், ராவுல சும்மா உக்காந்து பின்னுறேன், அது ஓய்வுதானே மிஸ்?” என்றார் அந்த அம்மா. இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக் கிள்ளி அந்த நிறை சேர வேண்டும் என்றால், பெருவிரலும் சுட்டுவிரலும் எத்தனை ஆயிரம் தடவை மடங்கியிருக்கும்? ராத்திரி ஊசி பிடிப்பதும் அதே இரண்டு விரல்கள்தான். காலுக்கும் முதுகுக்கும் அது ஓய்வு. கைக்கு இரண்டாவது பெரட்டு, இன்னொரு வேலை நேரம்.

குளிர் வேறு சேர்ந்துகொள்கிறது. சில்லிட்ட விரலில் உணர்ச்சி மந்தமாகிவிடும். ஊசி நழுவுவதுபோல் இருக்கும், அதனால் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்போம். இதற்கு என் வைத்தியம் எளியது. உட்காருவதற்கு முன் 10 நிமிடம் இரண்டு கையையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். அடுப்பு நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது என்று கை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள் தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசியையும் கவனிக்க வேண்டும். இரும்பு ஊசி குளிரில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். மூங்கில் ஊசி கைக்கு இதம், சீக்கிரம் நழுவாது. போர்வை போலப் பெரியதாகப் பின்னினால் அத்தனை பாரமும் ஊசியில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். பின்னிய பகுதியை மடியில் ஏற்றி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டும். “இந்த வரிசை முடியட்டும்” என்று சொல்லியே ஒரு மணி நேரம் போய்விடும், எனக்கும் அப்படித்தான், அதனால் போனில் மணி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அந்த அம்மாவைப் பின்னலை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி ஒன்று கொடுத்தேன், பின்னலை நாளுக்கு அரை மணி நேரமாகக் குறைக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் தூக்கம் திரும்பியது. எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடிவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ, பெருவிரலின் அடிமேடு வற்றித் தட்டையானாலோ தள்ளிப்போடாமல் வைத்தியரைப் பாருங்கள். தசை வற்றிய பிறகு சத்திரசிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாக வருமென்று சொல்ல முடியாது.

பின்னுகிறவர்களுக்குத்தான் தொல்லை, வாசிக்கிறவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். போர்வைக்குள் சாய்ந்து, முழங்கையை மடக்கி, புத்தகத்தையோ போனையோ முகத்துக்கு நேரே மணிக்கணக்காகப் பிடிப்பவர்களுக்குச் சுண்டுவிரல் மரக்கும். அந்த நரம்பு முழங்கைக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. இடித்துக்கொண்டால் மின்சாரம் அடித்ததுபோல் இருக்குமே, அதே இடம். தொடையில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்தால் கையும் நீளும், கழுத்தும் தப்பும்.

அப்புறம், என் வேலைக்கு வெளியே உள்ள ஒன்று. கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுக் குளிர்காயும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விறகு புகையும், கண் எரியும், நாமே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கனிந்த கரியில் புகை இல்லை; அதனால் ஆபத்தும் இல்லை என்று தோன்றும். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் குறைகிறது என்றால் அது குளிரால் வந்த தலைவலி அல்ல. உடனே எல்லோரும் வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூங்கப் போகும்போது கரிச்சட்டி இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டோடு நீங்கள் பின்னிக்கொண்டிருக்கும் ஊசியையும் நூலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். என் முன்னால் உட்கார்ந்து நாலு வரிசை பின்னிக் காட்டினால், எந்த விரல் எதற்காக இறுகுகிறது என்பதை நான் நேரிலேயே பார்த்துவிடுவேன்.