தாய்மாமன் கல்யாணம் அடுக்கடுக்காக நடந்தால்: ஸ்பெயின் அரச குடும்பத்தின் கதை

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் 1700 நவம்பரில் இறந்தபோது வயது 38. பேச்சும் நடையும் அவருக்கு மிகத் தாமதமாகவே வந்தன. கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்ததால் உணவை மெல்லவே சிரமப்பட்டார். இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளை இல்லை.

அவருடைய அப்பா நான்காம் ஃபிலிப் மணந்தது சொந்தத் தங்கை மகள் மரியானாவை. நம் வழக்கில் சொன்னால், தாய்மாமன் கல்யாணம். சொத்தும் நாடும் தங்கள் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்பதே நோக்கம்.

நம் மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன: அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஒன்று பழுதானாலும் பல நேரம் மற்றது சமாளித்துவிடும். ஆனால் பெற்றோர் இருவருக்கும் பொதுவான முன்னோர் இருந்தால், அவரிடமிருந்த ஒரே பிரதி இரு வழியிலும் இறங்கி ஒரே பிள்ளையிடம் சேரலாம். அது பழுதான பிரதியாக இருந்தால் ஈடுகட்ட வேறு பிரதி கிடையாது.

இந்த வாய்ப்பைக் குடும்ப மரத்தை வைத்தே கணக்கிடலாம். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் ஒரு பிரதி கைமாறும் வாய்ப்பு பாதி. அந்தப் பாதிகளைப் பெருக்கி, எல்லா வழிகளையும் கூட்டினால், தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு 12.5 சதவீதம் வரும். உடன்பிறந்த இருவருக்குப் பிறந்தால் 25. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட கணக்கில் கார்லோஸுக்கு வந்தது 25.4!

இது எப்படி இரண்டு மடங்கானது? மரத்தில் கொஞ்சம் மேலே ஏறிப் பார்ப்போம். கார்லோஸின் கொள்ளுத்தாத்தா இரண்டாம் ஃபிலிப்பும் தங்கை மகளைத்தான் கட்டினார். இன்னொரு பக்கம், ஆஸ்திரியாவின் இளவரசர் சார்லஸும் அவர் மனைவி, பவேரியாவின் மரியா அன்னாவும். இவர்கள் மகள் மார்கரெட், நான்காம் ஃபிலிப்பின் அம்மா. அதே மார்கரெட்தான் மரியானாவுக்கு அம்மா வழிப் பாட்டி. சார்லஸ்–மரியா அன்னா தம்பதியின் மகன் இரண்டாம் ஃபெர்டினாண்ட், மரியானாவின் அப்பா வழித் தாத்தா. ஆக, ஒரே தம்பதி கார்லோஸின் மரத்தில் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய உறவுகள் கரைவதற்குள் புதிய உறவு மேலே ஏறிக்கொண்டது. ஒரே ஒரு சொந்தக் கல்யாணத்தால் மட்டும் இந்த எண் வந்திருக்காது.

ஆனால் எண் என்பது வாய்ப்புதான், தீர்ப்பு அல்ல. கார்லோஸின் அக்கா மார்கரிட்டாவுக்கும் அதே பெற்றோர், அதே 25.4; அவரிடம் தம்பிக்கு இருந்த கோளாறுகள் தெரியவில்லை. வெலாஸ்கெஸின் புகழ்பெற்ற ஓவியமான 'லாஸ் மெனினாஸ்' நடுவே நிற்கும் சிறுமி இவர்தான். அப்புறம் அவரையும் அம்மாவின் தம்பி, புனித ரோமப் பேரரசர் லியோபோல்டுக்கே கட்டிவைத்தார்கள். பிறந்த நான்கு பிள்ளைகளில் பிழைத்தது மரியா அன்டோனியா மட்டும். அவருடைய எண் 30.5, கார்லோஸைவிட அதிகம்.

அந்த மரியா அன்டோனியாவின் மகன் ஜோசஃப் ஃபெர்டினாண்டைத்தான் கார்லோஸ் தன் வாரிசாக அறிவித்தார். சிறுவன் 1699-இல், ஆறு வயதில் இறந்தான். அடுத்த உயிலில் அரியணை பிரெஞ்சு மன்னரின் பேரனுக்குப் போனது. அதை எதிர்த்து 1701-இல் ஐரோப்பாவில் போர் வெடித்தது.