பழைய பீட்டிலை வீட்டில் சீரமைக்கிறீர்களா? பெயின்ட் கடைசி வேலை

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பலருக்கும் மனசு முதலில் போவது பெயின்ட் மேலேயும் சீட் துணி மேலேயும்தான். குரோம் பளபளக்கும், உள்ளே தோல் மணக்கும். அடியில் பிரேக் ஹோஸும் பெட்ரோல் ஹோஸும் 30 வருடம் பழையதாகவே கிடக்கும். அப்படி 'முடிந்துபோன' வண்டிகள்தான் சாலையோரத்தில் எரிந்து நிற்கின்றன. முதலில் வண்டி ஸ்டாண்டில் விழாமல் நிற்க வேண்டும், பிறகு தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும், பிறகு பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும். ஓடுவது அதற்கப்புறம். பெயின்ட் எல்லாவற்றுக்கும் பின்னால்.

வீட்டு வேலைக்கு இதைவிடத் தோதான ஜெர்மன் கார் கிடைப்பது அரிது. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் தயாரானதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. இன்ஜின் வண்டியின் பின்பக்கம், காற்றாலேயே குளிர்வது; ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை. இன்ஜினைப் பிடித்திருப்பது நான்கு 17 மி.மீ. இணைப்புகள் மட்டும். இந்த எளிமைதான் கவனக்குறைவையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் செய்ய வேண்டியது

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பீட்டிலில் அது பின்சீட்டுக்கு அடியில், வலப்பக்கம் இருக்கிறது. சீட்டின் அடியில் எஃகு ஸ்பிரிங், அதற்கு மேல் நார்த் திணிப்பு. பேட்டரி மேல்மூடி இல்லாமலோ, உயரம் கூடிய பேட்டரி வைத்தோ ஓட்டினால், கனமானவர் பின்னால் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இரண்டு முனைகளையும் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். காய்ந்த நார் சட்டென்று பற்றிக்கொள்ளும். திரும்பப் பொருத்தும்போது மூடியும், பேட்டரி நகராமல் பிடிக்கும் கிளாம்பும் இரண்டும் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஜாக். வண்டியோடு வரும் பக்கவாட்டு ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும்; அது செருகும் குழாயின் அடிப்பகுதிதான் இந்த வண்டியில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று. டிராலி ஜாக்கால் தூக்கி, முன்னால் ஆக்சில் பீமுக்கும் பின்னால் டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுக் கம்பி) குழாய்க்கும் அடியில் ஸ்டாண்டு வைத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுமை தாங்குவதுபோல் தெரியும். அவை எச்சரிக்கையில்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

பின்சக்கர நடு நட்டு 36 மி.மீ. அதை இறுக்கும் முறுக்குவிசை (டார்க்) சுமார் 295 நியூட்டன் மீட்டர். அதைக் கழற்ற ஒரு மீட்டர் நீளக் குழாய் மாட்டி முழு எடையும் போட வேண்டியிருக்கும். அந்த விசையை ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் கொடுத்தால் வண்டி சரிந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட்பிரேக் போட்டு, காட்டர் பின்னை உருவிவிட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பின் சஸ்பென்ஷனில் டார்ஷன் பாரோடு இணைந்த ஸ்பிரிங் பிளேட் என்ற எஃகுப் பட்டையை, அதைத் தடுத்து நிறுத்தும் விளிம்பைவிட்டு நெம்பினால் முறுக்கேறிய டார்ஷன் பார் அதைக் கீழே அடிக்கும். விரலெலும்பு தாங்காது. ஜாக்கால் தாங்கிப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும்.

துருவைத் தேடுவது

கதவுகளுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனல் இரண்டு வேலை செய்கிறது. பாடியின் விறைப்பு அதில்தான் இருக்கிறது. இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்றும் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் உள்ளிருந்து அரித்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடமும் பட்டி பூசி மறைத்த இடமும் மொத்தென்று கேட்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் மீதி தெரிந்துவிடும். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. பேட்டரி நின்ற தரைத்தகடு, ஸ்டெப்னி பள்ளம், முன் ஆக்சில் பீம் பிடிக்கும் சேசிஸ் தலை, பம்பர் தாங்கிகள் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள். சேசிஸ் தலை போயிருந்தால் ஸ்டியரிங்கும் முன் சஸ்பென்ஷனும் நிற்கும் இடமே போய்விட்டது என்று அர்த்தம். வெல்டிங்கில் நல்ல பழக்கம் இல்லாதவர் அதைத் தொடக் கூடாது.

ஹீட்டர் சேனலை வெட்டும் முன் கதவு வாயில்களில் சதுரக் குழாயைக் குறுக்கே வெல்ட் செய்து பாடியை இறுக்கிக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டு வெட்டியவர்களின் வண்டியில் பாடி நடுவில் தொய்ந்து, புதிய சேனல் பொருத்திய பிறகு கதவு மூடாது. வெட்டும் முன் கதவு இடைவெளிகளை நாலைந்து இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் வெட்டாதீர்கள். மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போதும். நீளமாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்துவந்தால் தகடு வளையாது. வேலை முடிந்ததும் சேனலின் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்கவில்லை என்றால் சில வருடங்களில் இதே வேலை திரும்ப வரும்.

இன்ஜின் பக்கம் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், சைலன்சர் குழாயைச் சுற்றிய ஓர் உறை. உள்குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் புகை, கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து, அதே சேனல் வழியாகக் கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலியும் தூக்கமும்தான் முதல் அறிகுறி. உள்குழாய் சந்தேகமாக இருந்தால் ஹீட்டரை அடைத்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது எக்ஸ்சேஞ்சரை மாற்றுங்கள். மேலே ஒட்டுப்போடுவதால் உள்குழாய் சரியாகிவிடாது.

பெட்ரோல்: இந்த வண்டியின் உண்மையான பகை

பெட்ரோல் டேங்க் முன்னால், பானட்டுக்குக் கீழே. அங்கிருந்து சேசிஸின் நடுச் சுரங்கம் வழியாக உலோகக் குழாய் பின்னால் போகிறது. அந்தக் குழாயின் இரண்டு முனைகளிலும், பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவிலும் துணி சுற்றிய ரப்பர் ஹோஸ் துண்டுகள். துணி நன்றாக இருப்பதால் ரப்பர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெட்டியாக்கி விரிசல் விடவைக்கும், துணி அந்த வெடிப்பை மறைத்துவிடும். வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாத் துண்டையும் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று தெளிவாக அச்சிட்டதை மட்டும் வாங்கி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள். டேங்க் நிரப்பும் கழுத்து ஹோஸும் காற்றோட்ட ஹோஸும் விட்டுப்போகும். வண்டிக்குள் எப்போதும் பெட்ரோல் நாறுகிறது என்றால் பெரும்பாலும் அவைதான் காரணம்.

இன்னும் மூன்று இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எரிந்த பீட்டில்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இவற்றைத்தான். முதலாவது, சோலெக்ஸ் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய். அது மரை இல்லாமல் அழுத்திச் செருகியது. வருடக்கணக்கான சூட்டில் தளர்ந்து ஒருநாள் ஹோஸோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பம்ப் அந்தப் பெட்ரோலை, தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கம் பீய்ச்சும். கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்புவது பயனில்லை. மரை வெட்டித் திருகும் இணைப்பு போட வேண்டும். இரண்டாவது, இன்ஜின் முன்தகட்டில் பெட்ரோல் குழாய் நுழையும் துளையின் ரப்பர் வளையம். அது இல்லையென்றால் தகட்டின் விளிம்பு, அதிர்வில் குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டர். அதன் எடையும் அதிர்வும் இணைப்புகளை இழுக்கும், சூடு பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ஃபில்டரை இன்ஜின் அறையிலிருந்து எடுத்து, கியர்பாக்ஸ் பக்கத்திலோ டேங்குக்கு அடியிலோ வையுங்கள்.

காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. அதில் வெல்டிங்கோ சால்டரிங்கோ வீட்டில் செய்யவே கூடாது. தீயணைப்பான் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த இன்ஜினின் கேஸ், அதாவது வெளிக்கூடு, மெக்னீசியம் கலவை. பெட்ரோல் தீயை உடனே பவுடராலோ நுரையாலோ அணைத்துவிட்டால் சரி. மெக்னீசியமே எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றுவது தீயை வெடிக்கச் செய்யும். அந்தக் கட்டத்தில் விலகி ஓடுவதுதான் சரி.

சூடும் மூன்றாவது சிலிண்டரும்

காற்றால் குளிரும் இன்ஜினில் தகட்டு மூடிகள் அலங்காரம் அல்ல. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடும், அறையின் விளிம்பு ரப்பரும் சேர்ந்துதான் கீழேயிருக்கும் சூடான காற்று மேலே வராமல் தடுக்கின்றன. 'எடை குறையட்டும்' என்று தகட்டைக் கழற்றிப் போடுபவர்கள் இன்ஜினைத் தாங்களே வேகவைக்கிறார்கள். ஃபேன் ஒரே ஒரு பெல்ட்டில் ஓடுகிறது. டைனமோவையும் அதே பெல்ட் சுற்றுவதால், ஓடும்போது சார்ஜ் சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் இன்ஜின் போய்விடும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. தாழ வேண்டும். இறுக்கம் சரிசெய்வது புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவேயுள்ள வாஷர்களால்: எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்த வாஷரைத் தொலைக்காமல் புல்லியின் வெளிப்பக்கம், நட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

1970 வரையான பெரும்பாலான இன்ஜின்களில் ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள், மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்று குறைவு, சூடு அதிகம். அதன் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு, ஒருநாள் தலை முறிந்து பிஸ்டனுக்குள் விழுவது இந்த இன்ஜினின் பழைய வியாதி. அதை முன்கூட்டியே சொல்வது வால்வு இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவேயுள்ள இடைவெளி. 1600 இன்ஜினில் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. வால்வு சத்தம் போட்டால் பயப்படுகிறார்கள், சத்தம் இல்லையென்றால் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் இடைவெளி குறைந்து வரும் வால்வு சத்தமே போடாது. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டரிலும் அளந்து எழுதி வையுங்கள். ஒரே வால்வு திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே வந்தால் திருகிச் சரிசெய்து ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்.

ஆயில் 2.5 லிட்டர்தான் பிடிக்கும், காகித ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். அந்த வலையைப் பிடிக்கும் சிறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். நீளமான ஸ்பேனரால் இறுக்கினால் மென்மையான கேஸிலிருந்து ஸ்டட்டே பிடுங்கிக்கொண்டு வரும்.

பிரேக், வயரிங்

பழைய பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. நான்கு ஹோஸையும் வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஒன்றாக மாற்றிவிடுவதே நல்லது. பைப் 4.75 மி.மீ., முனை குமிழ் வடிவில் மடித்தது. வேறு கார்களின் இரட்டை மடிப்பு முனையை இதில் மாட்டினால் கசியும். மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் சூடேறி விரிந்து பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

கியர்பாக்ஸின் முன்முனையிலிருந்து பாடிக்குப் போகும் பின்னிய எர்த் பட்டையைப் பலர் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்கள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி இறுகும். கிளட்ச் கேபிள் காரணமில்லாமல் அடிக்கடி அறுகிறது என்றால் முதலில் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

தூசியும் புகையும்

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரெசர் காற்றை அடிப்பது மிகக் கெட்ட பழக்கம். சோப்புத் தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். குளோரின் உள்ள பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் பாழாகும். வெல்டிங் செய்யும் வீட்டில் அந்த வகைக் கிளீனரே வேண்டாம். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடியை நம்பி அதை வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆஸ்துமா வாழ்நாளுக்கும் நிற்கும். தேய்ப்பது, பட்டி பார்ப்பது எல்லாம் வீட்டில் செய்துகொண்டு, கடைசிக் கோட்டை மட்டும் காற்றுக்குழாய் முகமூடியும் பெயின்ட் பூத்தும் உள்ளவரிடம் கொடுத்துவிடலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஓட்டத்தைப் பக்கத்திலேயே, மெதுவாக வையுங்கள். 50 கிலோமீட்டர் ஆனதும் இன்ஜின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் விரலால் தடவி ஈரம் பாருங்கள். பின்சக்கர 36 மி.மீ. நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் டிரம்மின் உள்பற்கள் அரைபட்டு, ஆக்சில் சுழன்றாலும் சக்கரத்துக்கு இழுவை போகாது. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வலையைக் கழுவி, வால்வு இடைவெளியைத் திரும்ப அளந்து, முதல்முறை எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.