ரெமீடியேஷன்: மாசு நீக்கமா, மாசு தீர்த்தலா?

பழைய ட்ரை கிளீனிங் கடை இருந்த மனையின் ஆய்வறிக்கையைப் பிரித்தால் ‘ரெமீடியேஷன்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை முழுவதற்கும் அதுதான் பெயர். வேர் லத்தீன். ‘மெதேரி’ என்றால் குணப்படுத்துதல். ‘ரெமெதியும்’ என்றால் மருந்து. ‘மெடிசின்’, ‘ரெமடி’ இரண்டும் இதே குடும்பம்தான்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் முன், நோய் என்ன என்று பார்த்துவிடலாம். ‘உலர்சலவை’ என்கிறோமே தவிர, அதில் துணி நன்றாகவே நனையும். தண்ணீரில் நனைவதில்லை, அவ்வளவுதான். பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் நனைத்துவந்தது டெட்ராகுளோரோஎத்திலீன்; தொழிலில் சுருக்கமாகப் ‘பெர்க்’. 1821இல் மைக்கேல் ஃபாரடே முதன்முதலில் தயாரித்த திரவம் இது. எளிதில் தீப்பிடிக்காது என்பதால் 1930களிலிருந்து சலவைக் கடைகளில் பரவியது.

தீக்குப் பயப்பட வேண்டாம், சரி. ஆனால் இயந்திரத்தின் கசிவு, வடித்த கசடு, சாக்கடையில் ஊற்றிய கழிவுநீர் என்று எந்த வழியில் மண்ணுக்குள் போனாலும் பெர்க் அங்கே நிற்காது. தண்ணீரைவிட 1.6 மடங்கு கனம். எண்ணெய்போல மிதக்காமல் நிலத்தடி நீரையும் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கு எதிலாவது தேங்கி, பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். கடை மூடி, பெயர்ப்பலகை போய், வேறு கட்டடம் வந்தபிறகும் கரையும். அமெரிக்காவில் குடிநீரில் பெர்க்குக்கான உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு லிட்டர் பெர்க் சுமார் 32 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

வைத்தியம் பலவகை. மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தலாம்; மண் இடுக்குகளில் உள்ள ஆவியை உறிஞ்சலாம்; நீரை இறைத்துக் கரி வடிகட்டியில் விடலாம். இறைப்பதில் ஒரு தொல்லை: மோட்டாரை நிறுத்தினால், களிமண்ணில் ஒளிந்திருந்தது வெளியே வந்து அளவு மறுபடி ஏறும்.

எனக்குச் சுவையாகப்படுவது நுண்ணுயிர் வழி. டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத நீரில் பெர்க்கிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். அதற்குத் தோதாகத் தாவர எண்ணெய் போன்றவற்றை நிலத்துக்குள் செலுத்துவார்கள். நான்கு மூன்றாகி, மூன்று இரண்டாகி, ஒன்று மிஞ்சும்போது கிடைப்பது வினைல் குளோரைடு. இது பெர்க்கைவிட மோசம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். வேலை அங்கே நின்றுவிட்டால் பாதி மருந்து விஷமான கதைதான். கடைசிக் குளோரினும் கழன்றால் மட்டுமே தீங்கில்லாத எத்திலீன் வரும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘சீரமைப்பு’ சாலைக்கும் பூங்காவுக்கும் பழகிவிட்டது. நஞ்சு என்ற குறிப்பே அதில் இல்லை. ‘நில மீட்பு’ என்றால் ஆக்கிரமிப்பை அகற்றினார்கள் என்றே வாசகர் நினைப்பார். ‘பரிகாரம்’ பொருளில் நெருங்கினாலும் ஜோதிடரிடம் போய் நிற்கிறது. ‘மாசு நீக்கம்’ எளிது, செய்திக்குப் போதும். தோண்டுவதற்கும் இறைப்பதற்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பாக்டீரியா எதையும் வெளியே எடுப்பதில்லையே! இருந்த இடத்திலேயே சிதைப்பதை ‘நீக்கம்’ என்பது அரைகுறைதான்.

என் தேர்வு ‘மாசு தீர்த்தல்’. நோய் தீர்த்தல் என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. குணமாக்குவது, இல்லாமல் செய்வது இரண்டும் ‘தீர்’ என்ற வினைக்குள் அடக்கம். லத்தீன் வேருக்கும் இதுவே பக்கம். ‘மண்ணில் மாசு தீர்க்கும் பணி’, ‘நுண்ணுயிர் வழி மாசு தீர்த்தல்’ என்று தடங்கலின்றி எழுதலாம். சுருக்குகிறேன் என்று ‘மாசுத் தீர்ப்பு’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அப்புறம் அது நீதிமன்றச் செய்தியாகிவிடும்.