சோடியம் சல்பேட்: எந்த உப்பு?

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ‘உப்பு’ என்றால் கறியுப்பாகவும் இருக்கலாம், ‘கிளாபர் சால்ட்’ ஆகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் சோடியம் சல்பேட், அதாவது கந்தக அமிலத்தின் சோடிய உப்பு.

‘சோடா’விலிருந்து ‘சோடியம்’ என்று 1807இல் பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி. ‘சல்பர்’ லத்தீன். ‘-ஏட்’ விகுதி 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வகுத்தது. ஆக்சிஜன் குறைந்தால் ‘-ஐட்’, அறவே இல்லாவிட்டால் ‘-ஐடு’. தமிழில் எழுதும்போது சல்பேட், சல்பைட், சல்பைடு மூன்றும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். சோடியம் சல்பைடோ அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கக்கும், ஆளைக் கொல்லும். மூட்டையைப் பெயர் கேட்டு எடுக்காமல் வேதி வாய்பாட்டை (Na₂SO₄) பார்த்து எடுக்க வேண்டும்.

தமிழ்ச்சொல்? மயில்துத்தம், அன்னபேதி, படிகாரம் எல்லாம் சல்பேட்டுகள்தான். இதற்கு மட்டும் அப்படியொரு பெயர் புழக்கத்தில் இல்லை. ‘கந்தக உப்பு’ என்றால் எல்லாச் சல்பேட்டையும் குறிக்கும். கிளாபர் உப்பும் பேதி மருந்தாக இருந்ததுதான், ஆனால் ‘பேதியுப்பு’ மக்னீசியம் சல்பேட்டுக்குப் போய்விட்டது. ஆகவே நீர் சேராத தூளுக்கு ‘நீரற்ற சோடியம் சல்பேட்’, பத்து நீர் மூலக்கூறு சேர்ந்த படிகத்துக்குக் ‘கிளாபர் உப்பு’ என்பதே சரி. பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலாளர் யோகான் கிளாபர் அதற்கு வைத்த பெயர் ‘அற்புத உப்பு’.

இந்தப் பிரிப்பு வெறும் இலக்கணமல்ல. படிகத்தின் எடையில் சுமார் 56 சதவீதம் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் தூள் என்று சாயக் குறிப்பு சொன்னால், படிகம் 136 கிராம் வேண்டும். அறுபதே போட்டால் ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) பஞ்சுநூலில் முழுதாக ஏறாது, நிறம் வெளுத்துப்போகும். 32.4 டிகிரியைத் தாண்டினால் படிகம் தன் நீரிலேயே கரையும். வெயிலில் கிடந்த மூட்டை கசிவது அதனால்தான். தூளைக் குளிர்ந்த நீரில் மொத்தமாகக் கொட்டினால் நீரை இழுத்துக் கட்டியாக இறுகிவிடும். 40 டிகிரி நீரில், கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கறியுப்பைவிட விலை கூடுதல்தான், ஆனால் குளோரைடு இல்லாததால் துருப்பிடிக்காத எஃகு இயந்திரத்தை அவ்வளவாக அரிக்காது. டர்க்காய்ஸ் நீலத்துக்கு இதையே விரும்புவார்கள்.

சலவைத்தூளில் இது வெறும் நிரப்பி. கண்ணாடி உலையில் குமிழி போக்கும். மரத்திலிருந்து காகிதக்கூழ் எடுக்கும் ‘கிராஃப்ட்’ முறை ஆலையின் மீட்பு உலையில் சல்பைடாக மாறி மரத்தை வேகவைக்கும். ‘சல்பேட் முறை’ என்ற பெயர் அப்படி வந்தது.

சாயக்கழிவை வெளியே விடக்கூடாது என்றான பின், எதிர்ச் சவ்வூடுபரவலில் (ஆர்.ஓ.) மிஞ்சும் செறிந்த உப்புநீரைக் குளிரவைத்து இதை மீட்கிறார்கள். 100 கிராம் நீரில் 32 டிகிரியில் 50 கிராம் அளவுக்குக் கரைவது, 0 டிகிரியில் ஐந்து கிராம்கூடக் கரையாது. மிச்சம் படிகமாக விழும். விழுவது கிளாபர் உப்பு, அதுவும் ஈரத்தோடு. மறுபடி தொட்டியில் போடும்முன் ஈரத்தைச் சோதித்து எடையைத் திருத்த வேண்டும்.