படகு விளக்கில் ஒரு கறுப்புப் புள்ளி

கடலூர் முதுநகரில் படகுகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு விளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பத்து எல்.இ.டி. உள்ள ஃபோகஸ் லைட். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்பது மஞ்சள் வட்டங்கள் புதுசு போல இருக்கின்றன. பத்தாவதின் நடுவில் மட்டும் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"இது ஒன்னுதாண்ணே போயிருக்கு, ஆனா மொத்தமும் எரியல. இதோட ரெண்டு காலையும் ஈயம் வச்சு ஒட்டிட்டா மிச்சம் ஒன்பதும் எரியும். ஒரு லைட்டு அப்படியே ரெண்டு வருஷமா ஓடுது. இன்னொரு மாடல்ல அதே வேலையைச் செஞ்சா ஒரே வாரத்துல பக்கத்துல இருக்கிறதும் போயிடுது. ஏன்?"

ஒரே வைத்தியம், ஒரு நோயாளி பிழைக்கிறார், இன்னொருவர் பிழைப்பதில்லை. அருமையான கேள்வி இது.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் பள்ளியில் படித்ததுதான். தொடர் இணைப்பில் எல்லா எல்.இ.டி.க்குள்ளும் ஒரே மின்னோட்டம் போகும். வழியில் ஓர் இடத்தில் அறுந்தால் எல்லாம் இருட்டு. திருவிழாச் சீரியல் செட்டில் பார்த்திருப்பீர்கள். அப்படியிருந்தும் தொடராக இணைப்பதற்குக் காரணம் உண்டு. எல்.இ.டி.க்கு வேண்டியது அளவான மின்னோட்டம். ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி. என்றால் சுமார் 3 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர். பக்க இணைப்பில் போட்டால் எது கொஞ்சம் இளகியதோ அது அதிகம் குடித்துச் சூடாகி, சூடானதால் இன்னும் அதிகம் குடிக்கும். தொடரில் அந்தச் சண்டை கிடையாது.

எல்.இ.டி. சாகும் விதம் இரண்டு. ஒன்று, உள்ளே ஷார்ட் ஆகும். அப்போது அது மட்டும் அணையும், மற்றவை எரியும். இரண்டாவது, உள்ளே அறுந்து போவது. சில்லையும் காலையும் இணைக்கும் தங்கக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. பல வகைகளில் அதைச் சிலிக்கோன் பசை மூடியிருக்கும். விளக்கு சூடாகும்போது பசை விரியும், ஆறும்போது சுருங்கும், ஒவ்வொரு தடவையும் கம்பியை இழுக்கும். போதாக்குறைக்கு நம் ஊர் உப்புக்காற்று. சிலிக்கோன் தண்ணீரைத் தடுக்குமே தவிர நீராவியை முழுக்கத் தடுக்காது. ஒருநாள் கம்பி அறுகிறது, அந்த இடம் பொசுங்குகிறது. நண்பர் காட்டிய கறுப்புப் புள்ளி பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஈயம் வைத்து ஒட்டுவதற்கு வருவோம். இரண்டு வருஷமாக ஓடும் விளக்கில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்ற மின்சுற்று இருக்கிறது. பத்து எல்.இ.டி. என்றால் 30 வோல்ட், ஒன்பது என்றால் 27. எத்தனை இருந்தாலும் 350 மில்லி ஆம்பியரை மீறாமல் டிரைவர் தன் வோல்ட்டை இறக்கிக்கொள்ளும். மற்ற ஒன்பதுக்கும் எதுவும் நடந்ததே தெரியாது. (அதற்கும் எல்லை உண்டு. டிரைவரின் மேல் 24 முதல் 36 வோல்ட் என்று எழுதியிருந்தால், மூன்றாவதை ஒட்டும்போது தேவை 21 வோல்ட்டாகிவிடும், டிரைவர் நின்றுவிடும்.)

ஒரு வாரத்தில் போகும் விளக்கில் டிரைவர் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில் மூன்று எல்.இ.டி., கூட ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 12.5 வோல்ட், மூன்று எல்.இ.டி. எடுப்பது 9 வோல்ட், மீதி 3.5 வோல்ட் 10 ஓம் ரெசிஸ்டரில் விழுகிறது. மின்னோட்டம் 350 மில்லி ஆம்பியர், சரி. ஒன்றை ஒட்டிவிட்டால் மீதி 6.5 வோல்ட்! மின்னோட்டம் கிட்டத்தட்ட 650. எஞ்சின் ஓடி பேட்டரி 14 வோல்ட்டுக்கு ஏறினால் 800ஐத் தொடும். இரண்டு மடங்குக்கு மேல். மிச்சம் இரண்டும் முன்பைவிடப் பிரகாசமாக எரியும், பார்த்துச் சந்தோஷப்படுவோம், அந்த வாரமே கருகும். ஆகவே டிரைவர் இல்லாத விளக்கில் தயவுசெய்து ஒட்டாதீர்கள். எல்.இ.டி.யையே மாற்றுங்கள்.

நடுக்கடலில் நள்ளிரவில் கம்பி அறுந்தால் ஈயம் வைக்க யார் வருவார்? இந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. எனக்கு மின்னணுவியலிலேயே மிகப் பிடித்த பொருட்களில் அது ஒன்று.

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் பக்கத்தில் ஒரு 5.1 வோல்ட் ஜீனர் டையோடு. எல்.இ.டி. 3 வோல்ட்டில் எரியும்வரை ஜீனர் சும்மா இருக்கும். எல்.இ.டி. அறுந்ததும் டிரைவர் வோல்ட்டை ஏற்றும், 5.1 வந்ததும் ஜீனர் வழிவிடும். ஆனால் 5.1 வோல்ட்டை 350 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 1.8 வாட். உயிரோடு இருந்த எல்.இ.டி. எடுத்ததே ஒரு வாட்தான், அதிலும் ஒரு பங்கு வெளிச்சமாக வெளியே போனது. இது முழுக்கச் சூடு, மூடிய டப்பாவுக்குள்.

தைரிஸ்டர் வகைக் காவலன் இதை அழகாகத் தீர்க்கிறது. அதற்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்னோட்டத்துக்குத் திறந்து மூடும் இரண்டு கதவுகள், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதின் வெளியீடு இரண்டாவதைத் திறக்கும், இரண்டாவதின் வெளியீடு முதலாவதைத் திறக்கும். இரண்டுமே மூடியிருந்தால் எதையும் எதுவும் திறக்காது. அப்படியே தூங்கும். எல்.இ.டி. அறுந்து வோல்ட் வரம்பைத் தாண்டியதும் உள்ளே துளியளவு மின்னோட்டம் கசிந்து ஒன்றை எழுப்பும். அது மற்றதை எழுப்பும். மற்றது திரும்பி முதலாவதை இன்னும் நன்றாக எழுப்பும். மைக்ரோ செகண்டுகளில் இரண்டும் முழுசாகத் திறந்துவிடும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு ஆச்சரியம். திறந்தவுடன் வோல்ட் சுமார் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. எழுப்பிவிட்ட காரணமே இப்போது இல்லை! ஜீனராக இருந்தால் மூடிக்கொள்ளும். இவை மூடுவதில்லை. முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்த இரண்டு பேர் போல, ஒன்றையொன்று தாங்கியபடி அப்படியே இருக்கின்றன. சூடு 0.35 வாட்தான். சுவிட்சை அணைத்து மின்னோட்டத்தை நிறுத்தினால் இரண்டும் சரியும், பழையபடி தூக்கம். ஒரு முறை ஒட்டினால் ஒட்டியதுதான் என்ற ஈயத்தைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த யோசனையின் வேர் பழையது. அமெரிக்காவில் தெருவிளக்குகளைத் தொடராக இணைத்த காலத்தில் விளக்குத் தாங்கியில் மெல்லிய காப்புத் தகடு ஒன்றைச் செருகி வைத்தார்கள். விளக்கு அறுந்தால் முழு வோல்ட்டும் அந்தத் தகட்டின் மேல் விழுந்து அதைத் துளைத்து வழி உண்டாக்கும்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் அந்த வசதி இல்லை. சாமி புறப்படும் நேரத்தில் சீரியல் செட் ஒருமுறை அணைந்தது. அபசகுனம் என்றார்கள், யார் செய்த குற்றமோ என்றார்கள். மைக் செட் அண்ணன் பல்பு பல்பாகத் தடவிக்கொண்டிருந்தார், எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நாற்பது பல்பைத் தொடராகப் போட்டால் ஒன்று அறுந்து எல்லாம் அணைவது இயற்கை. அம்மனுக்கு அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த அண்ணனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. விளக்குகளை ஆய்வகத்தில் 5 சதவீத உப்புப் பனியில் வைத்துச் சோதிக்கிறார்கள், நல்லதுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பத்துக் கம்பம் நட்டு, பல வகை விளக்குகளை ஐந்து வருஷம் எரியவிட்டு, எது எப்படிப் போகிறது என்று நம் பாலிடெக்னிக் மாணவர்கள் குறித்துவைத்தால் அதற்குப் பெரிய செலவில்லை. அப்படிப்பட்ட வேலைக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது.

நண்பரின் விளக்குக்கு வருகிறேன். புள்ளி விழுந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினோம், அதன் பக்கத்தில் ஒரு தைரிஸ்டர் காவலனையும் வைத்தேன். எரியும்போதே அந்த எல்.இ.டி.யின் ஒரு காலை இளக்கித் தூக்கினேன். அது அணைந்தது, ஒன்பது எரிந்தன. சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டோம், அப்போதும் ஒன்பது. மறுபடி அணைத்து, தூக்கிய காலை ஒட்டி, ஆறவிட்டுச் சுவிட்சைப் போட்டார் நண்பர். பத்தும் எரிந்தன.