எஃபிஷியன்சி: செயல்திறனா, பயனுறுதிறனா?

‘எஃபிஷியன்சி’ என்று வந்தால் பெரும்பாலும் ‘செயல்திறன்’ என்று எழுதிவிடுகிறோம். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தச் சொல் சொல்லும். இட்டதில் எத்தனை பங்கு பயனாகத் திரும்பியது என்ற கணக்கு அதில் வராது. அதைச் சொல்வது ‘பயனுறுதிறன்’.

லத்தீன் மூலமான ‘எஃபிகெரே’வுக்குச் செய்து முடித்தல், விளைவித்தல் என்று பொருள். ரஷ்யப் பொறியாளர்கள் எஃபிஷியன்சிக்குக் ‘கா-பே-தே’ என்ற சுருக்கத்தை வைத்திருக்கிறார்கள். விரித்தால் ‘பயனுள்ள செயலின் குணகம்’. பயன் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டது அந்த மொழி. ஆனால் அதே மொழி பேசிய சோவியத் தொழிற்சாலைகளில் ஆட்சி செய்தது வேறொரு சொல்: ‘வால்’, அதாவது மொத்த உற்பத்தி. இலக்கைப் பல துறைகளில் டன்னில் வைத்தார்கள். இயந்திரம் கனத்தால் இலக்கு எளிதில் நிறைந்தது. எண்ணெய்க் கிணறு துளையிடுவோருக்கு மீட்டர் கணக்கு. ஆழமான கிணறு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் ஆழமற்ற கிணறுகளே லாபமாயின.

அசர்பைஜானின் பாகூ நகரம் சோவியத் எண்ணெய்க் கருவிகளின் பெரும் பட்டறை. பொறியாளர் கப்பெல்யூஷ்னிக்கவின் டர்போ துளைக்கருவி 1920களில் அங்கேதான் பிறந்தது. குழாய் முழுவதையும் சுழற்ற வேண்டாம். உள்ளே பாயும் சேற்றுநீரே அடியிலுள்ள விசையாழியைச் சுழற்றும். அன்றைய சோவியத் குழாய் எஃகு வலுக்குறைவானது, அதற்கு இது அருமையான தீர்வு. ஆனால் பின்னர் பரவிய டர்போ துளைக்கருவிகளின் அதிவேகச் சுழற்சியில் துளைமுனை விரைவில் தேய்ந்தது. ஆழம் கூடக்கூட, முனையை மாற்ற முழுக் குழாய்த்தொடரையும் மேலே இழுத்து மறுபடி இறக்குவதிலேயே நேரம் கரைந்தது. முனையில் வேகம், கிணற்றில் தாமதம். செயல்திறனுக்கும் பயனுறுதிறனுக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும், உதிரிபாகம் தந்த ஊர்களும் கருவி வாங்கிய ஊர்களும் அயல்நாடுகளாயின. அசர்பைஜானின் 1994 எண்ணெய் ஒப்பந்தத்தோடு வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்டது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரத்தை. பாகூ ஆலைகள் பழகியிருந்ததோ ‘கோஸ்ட்’ என்ற சோவியத் அரசுத் தரம். விற்காத கருவிக்குள் போன இரும்பும் மின்சாரமும் உழைப்பும் பயனாகவில்லை.

இலங்கைப் பாடநூல்கள் எஃபிஷியன்சியை ‘வினைத்திறன்’ என்றும், குறித்த விளைவை எட்டுவதை ‘விளைதிறன்’ என்றும் பிரிக்கின்றன, நல்ல பிரிப்பு. ஆனாலும், வெப்ப இயந்திரத்துக்குத் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் வழங்கும் ‘பயனுறுதிறன்’தான் இங்கே பொருந்தும் என்பேன். ‘ஆலையின் பயனுறுதிறன் கூடியது’ என்று எழுதினால், வாசகர் உடனே கேட்கலாம்: எதை இட்டு, எதைப் பெற்றார்கள்?